பற்றிக்கொண்ட வேட்கையோடு குடித்தனம் நடத்துவது எப்படி?

ஏதோ ஒன்றின் மேல் தீராத வேட்கை கொண்டவர்களுக்காகவும், அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அந்த வேட்கை குத்துச்சண்டையின் மேல் இருக்கலாம். கேரம், கால்பந்து, கானாப் பாட்டு, புறா வளர்ப்பு என எதன் மேலும் இருக்கலாம். ஒரு மனிதரின் மேல் கொண்ட காதலாகவும் இருக்கலாம். வடசென்னையின் இராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். எங்கள் தெருக்களில் ஒரு பிள்ளை முன்னுக்கு வந்தான் என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு வேட்கைதான் அவனைக் கைதூக்கி விட்டிருக்கும். ஒரு குடும்பம் நொடித்துப் போனது என்றாலும் அதே வேட்கையின் பெயரைத்தான் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பழைய வண்ணாரப்பேட்டையில் ஏழு குடித்தனங்கள் சேர்ந்து வாழ்ந்த ஒரு வீட்டின் மொட்டை மாடியில் அவர் பந்தயத்துக்கான ஹோமர் புறாக்களை வளர்த்தார். கூடூர், நெல்லூர், காவலி, ஓங்கோல் என்று இரயில் பாதையை ஒட்டி வடக்கே தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் விடப்படும் பறவைகள், தங்கள் கூண்டைத் தேடித் தாமாகவே திரும்பி வரும். ஓங்கோலிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 270 கிலோமீட்டர்; விடியற்காலையில் விடப்பட்ட நல்ல பறவை உச்சிப்பொழுதுக்கு முன்பே மாடியில் இறங்கிவிடும். ஒருமுறை அவர் உயிராக வளர்த்த பேடை ஒன்று ஓங்கோலிலிருந்து திரும்பவில்லை. அப்பா மூன்று நாள் மாடியை விட்டு இறங்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. என் தங்கையைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போக வேண்டிய நாள் அந்த மூன்றில் ஒன்று. அவள் புதுப் பாவாடை உடுத்திக்கொண்டு படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் பறவையை வாங்குவதற்காக அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்த செய்தியும் அந்த நாட்களில்தான் வெளியே வந்தது.

ஆனால், தன்னைச் சுற்றி இருந்தவர்களில் பலர் வேலை முடிந்ததும் சாராயக் கடைக்குப் போன காலத்தில், அப்பா ஒரு சொட்டும் தொடாமல் வாழ்ந்ததும் அந்தப் புறாக்களால்தான். நடுங்கும் கையில் பறவை அமராது என்பார். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அவர், ஒவ்வொரு பறவைக்கும் தாய், தகப்பன், பாட்டன் வரை மனத்திலேயே கணக்கு வைத்திருந்தார். கடற்காற்று எப்போது திரும்பும் என்பதை மாடியில் நின்று முகத்தாலேயே உணர்வார். அந்த வேட்கையைப் பிடுங்கி எறிந்திருந்தால் அவரிடம் உடல் களைப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். அம்மா அதைப் பிடுங்கவில்லை. பேடையைப் பற்றிய துக்கம் ஆறி, அப்பா அமைதியாக இருந்த ஒரு வேளையில், அவரையும் எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, அந்த வேட்கைக்கு ஓர் இடத்தையும் ஓர் எல்லையையும் வகுத்தார். நான் சொல்ல வந்ததெல்லாம் இதற்குள் அடக்கம்: வேட்கைக்கு எல்லை வகுப்பதானால் அது தூங்குகிற நேரத்தில் வகுக்க வேண்டும், விழித்துக்கொண்ட பிறகு அதனிடம் நியாயம் கேட்டால், எல்லா நியாயத்தையும் அதுவே பேசிவிடும்.

எந்த வகை வேட்கை என்று கண்டறிவது

"அவனுக்கு ஆட்டத்துல வெறி இருக்குது" என்பது எங்கள் பகுதியில் பாராட்டு. "அவனுக்குப் புறாப் பைத்தியம்" என்றால் அதில் பாதி பாராட்டு, பாதி கவலை. இரண்டிலும் வேட்கையின் வேகம் ஒன்றேதான். ஆகவே வேகத்தை வைத்து நல்லது கெட்டதை அளக்க முடியாது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இராபர்ட் வாலராண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வேட்கையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, வாழ்க்கையின் மற்றப் பகுதிகளோடு இசைந்து நிற்பது. அதில் ஈடுபடுவதும் விலகுவதும் மனிதன் கையில் இருக்கும். மற்றது, மனிதனை ஆட்டிவைப்பது. அவனுடைய மதிப்பும் மானமும் அந்த ஒன்றோடு கட்டப்பட்டுவிடுவதால், வேண்டாம் என்று அவனே நினைக்கும் நேரத்திலும் அது அவனை இழுத்துக்கொண்டு போகும். மிதிவண்டிப் பிரியர்களை ஆராய்ந்தபோது, சாலையில் பனி உறைந்து வழுக்கும் கியூபெக் குளிர்காலத்திலும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியவர்களிடம் இந்த இரண்டாம் வகை வேட்கையே மிகுந்திருந்தது.

நம் ஊரில் பனி இல்லை. அதனால் சோதனையை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். உங்களைத் தடுக்க எவரும் இல்லாத, கையில் பணமும் நேரமும் இருக்கிற ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று முழுவதும் அந்த ஈடுபாட்டிலிருந்து விலகி இருங்கள். மாலையில் உங்களுக்குள் எழுவது ஏக்கமா, எரிச்சலா என்று கவனியுங்கள். நெஞ்சில் ஓர் ஓரம் ஏங்கிக்கொண்டிருந்தாலும், மகளின் பேச்சு காதில் விழுகிறது, சோறு ருசிக்கிறது என்றால் அஞ்ச வேண்டியதில்லை. காரணமில்லாமல் மனைவி மேல் சீறுகிறீர்கள், உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை, மனம் சாக்குகளைத் தேடுகிறது என்றால், கயிற்றின் நுனி உங்கள் கையில் இல்லை. இதைவிடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. செலவழித்த பணத்தைக் குறைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டீர்களா, போன இடத்தை மாற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். தோடு அடகுக்குப் போனதை அப்பா மறைத்தபோதே அவருக்கும் உள்ளூர விஷயம் தெரிந்திருந்தது.

காத்திருப்பு ஏன் இத்தனை இழுக்கிறது

மாடியில் மூன்று நாள் நின்ற அப்பாவை நான் பல ஆண்டுகள் கோபத்தோடுதான் நினைத்தேன். மூளை ஆய்வைப் பற்றிப் படித்த பிறகே அந்தக் கோபம் தணிந்தது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்களை வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் குரங்குகளிடம் ஆராய்ந்தார். எதிர்பாராமல் கிடைத்த பழச்சாற்றுக்கு அந்த அணுக்கள் துடித்தெழுந்தன; ஆனால் சாறு வரப்போவதை அறிவிக்கும் விளக்கு ஒன்று பழக்கமான பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது, சாற்றுக்கு எழவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், வேண்டித் தவிப்பதும் ருசித்து மகிழ்வதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று காட்டினார். டோபமைன் பெரும்பாலும் அழிக்கப்பட்ட எலிகள், இனிப்பை நாவில் வைத்தால் முன்போலவே சப்புக்கொட்டின. ஆனால் உணவைத் தேடி ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. அப்படியானால் தவிப்பு மட்டும் பெருகி, மகிழ்ச்சி சுருங்கிப்போன நிலையும் மனிதனுக்கு வரக்கூடும். வேட்கை நோயாகும் இடம் அதுதான். வரலாம், வராமலும் போகலாம் என்ற நிச்சயமின்மை அந்தத் தவிப்புக்கு எண்ணெய் வார்க்கிறது. வந்து இறங்கிய பறவையைவிட வராத பறவை மனிதனை இறுகக் கட்டிப்போடுவது இதனால்தான்.

இதிலிருந்து பிறக்கும் வழிமுறை எளிது: முடிவைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு நான் கேரம் சொல்லிக்கொடுக்கும் அறையில், முதல் ஸ்ட்ரைக்கரை வைப்பதற்கு முன்பே, இன்று எத்தனை போர்டு, அதாவது எத்தனை சுற்று ஆட்டம், என்பதைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிவிடுகிறோம். "இன்னும் ஒரே ஒரு போர்டு, அண்ணா" என்ற குரல் எழாத நாள் கிடையாது. தோற்றவன் சமன் செய்யக் கேட்கிறான், வென்றவன் கைராசி போவதற்குள் ஆடிவிடக் கேட்கிறான். சுவரில் எழுத்து இருப்பதால் நான் வாதாட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் வந்த விதிமுறைகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்று வகுத்ததும் இதே அறிவின்படிதான். மனிதனின் தற்காப்பு மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில் அவனுடைய முடிவுக்கு விடாமல், கதவையே சாத்துகிற ஏற்பாடு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் நடுவண் அரசின் சட்டம் அத்தகைய ஆட்டங்களை முழுவதுமாகவே தடை செய்தது.

வேட்கைக்கென்று தனிப் பாட்டில்

அம்மா செய்தது ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி அலமாரியில் வைத்ததுதான். சம்பள நாளன்று வாடகை, அரிசி, பள்ளிச் செலவு, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, இருவரும் பேசி முடிவு செய்த ஒரு தொகை அந்தப் பாட்டிலுக்குள் போகும். கம்பு, சோளம், கொண்டைக்கடலை, பறவைக்கு மருந்து, பந்தயத்துக்கு அனுப்பும் செலவு எல்லாம் அதிலிருந்துதான். பாட்டில் காலியானால் ஒரு ஜோடிக் குஞ்சுகளை விற்று நிரப்பிக்கொள்ளலாம். அடகுக் கடைக்கும் வட்டிக்காரரிடமும் போகக்கூடாது. பாட்டிலில் மிச்சம் இருந்தால், எத்தனை நெருக்கடியிலும் அம்மா அதைத் தொட மாட்டார். இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. எல்லை என்பது இரு பக்கமும் கட்டுப்படுத்த வேண்டும். வீட்டுப் பணத்தில் வேட்கை கை வைக்கக்கூடாது என்றால், வேட்கையின் பணத்திலும் வீடு கை வைக்கக்கூடாது. அப்போதுதான் மறைக்க வேண்டிய தேவை அற்றுப்போகும்.

பாட்டில் வந்த பிறகு அப்பாவின் கூண்டில் முப்பதுக்கும் மேல் இருந்த பறவைகள் பன்னிரண்டாகக் குறைந்தன. முதலில் அவர் முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டை மட்டுமே வளர்க்க முடியும் என்றானபோது, எதை வைத்துக்கொள்வது, எந்த ஜோடியைச் சேர்ப்பது என்று அவர் முன்னைவிடக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நெல்லூரிலிருந்தும் காவலியிலிருந்தும் தவறாமல் வந்து சேர்ந்தவை அந்தச் சின்னக் கூண்டின் பறவைகள். கரையில்லாமல் பரவிய நீர் கரை போட்டதும் வேகம் எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பந்தயப் பணம் கட்டாதீர்கள் என்பதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். எதை நேசிக்கிறீர்களோ அதன் மேல் பணம் கட்டிய நாளிலிருந்து, அதைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

முப்பது ரூபாய் வேலை

வேட்கையின் வலிமைக்கும் ஆபத்துக்கும் எங்கள் கரையோரத்தில் ஒரே மனிதரைச் சான்று காட்ட வேண்டுமானால், நான் சீனிவாச இராமானுஜனைத்தான் காட்டுவேன். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைக்கு வந்து, அப்போது பாரிமுனைப் பகுதியில் இருந்த பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, மற்றப் பாடங்களில் மறுபடியும் தோற்றார். தாள் வாங்கக் கட்டுபடியாகாமல் பலகையில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தவர் அவர். படித்த இடங்களெல்லாம் கைவிட்ட அந்த இளைஞரை 1912 மார்ச் 1-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு. மாதச் சம்பளம் 30 ரூபாய். என் அப்பா பின்னாளில் மூட்டை சுமந்த அதே துறைமுகம் என்பதால் இந்தச் செய்தியில் எனக்குக் கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டு.

அந்த வேலையில் அவருக்குக் கிடைத்தது சம்பளம் மட்டுமில்லை. வேலை முடிந்த நேரத்தில் கணக்குப் போட விடுதலை கிடைத்தது. மேலதிகாரியான நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர், இரவில் எதிரில் உட்கார்ந்து அவரோடு கணக்குப் போட்டார். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக நின்றார். வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைத்தார்கள். 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டுக் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், தம்மைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்று அறிமுகம் செய்துகொண்டுதான் தொடங்குகிறது. அதே ஆண்டு மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பிறகு கடல் கடந்து கேம்பிரிட்ஜில், போர்க்காலத் தட்டுப்பாட்டில், தமக்குத் தாமே சமைத்துக்கொண்டு, நேரங்காலம் பாராமல் உழைத்தவர் 1917-இல் நோயில் விழுந்தார். திரும்பி வந்து 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், 32 வயதில் இறந்தார்.

வேட்கை கொண்டவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது: உங்கள் வயிற்றுப்பாட்டை உங்கள் வேட்கையின் தலையில் ஏற்றாதீர்கள், குறைந்தது தொடக்க ஆண்டுகளிலாவது. முப்பது ரூபாய் வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு உங்களை விட்டுவிடுகிற வேலையாக, முடிந்தால் உங்கள் பித்தைப் புரிந்துகொள்ளும் ஒருவராவது இருக்கிற இடமாக அது இருக்கட்டும். குடும்பத்தாருக்கு நான் சொல்வது இன்னும் முக்கியம். பிள்ளை ஒன்றில் மட்டும் மூழ்கி மற்றவற்றில் தோற்கும்போது, அந்த ஒன்றை அவனிடமிருந்து பறித்துவிட்டால் மற்றவற்றில் தேறிவிடுவான் என்று எண்ணாதீர்கள். பறிப்பதால் உண்டாகும் பள்ளத்தை அல்ஜீப்ராவும் ஆங்கிலமும் வந்து நிரப்புவதில்லை; கேரம் போர்டைத் தகப்பன் உடைத்துப் போட்ட பிறகு தெருமுனையில் நிற்கத் தொடங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சோற்றுப் பிடியைக் கையில் வைக்கிற ஆளாக இருங்கள். சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்கிற ஆள் அருகில் இருக்கும்வரை பெரும் வேட்கையையும் ஓர் உடல் தாங்கும்.

யாருடைய வேட்கை?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அந்த வாரம் முழுவதும் எங்கள் பகுதியே தலைநிமிர்ந்து நடந்தது. அதற்குப் பின் என் அறைக்கு வந்த பெற்றோரின் எண்ணிக்கை பெருகியது. அவர்களில் சிலருடைய கண்ணில் இருந்த வேட்கை, கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் கண்ணில் இல்லை. இதைக் கண்டறிய நான் செய்வது ஒன்றுதான். பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு, காய்களைப் பலகையில் கொட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் பத்து நிமிடம் வேறு வேலை பார்ப்பேன். தானாக ஒரு காயைச் சுண்டிப் பார்க்கிற பிள்ளைக்குப் பொறி இருக்கிறது. மற்றப் பிள்ளைகளும் வரலாம், விளையாடலாம். ஆனால் அவர்களைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பக்கூடாது.

மகிழடியில் செய்த சத்தியம்

வேட்கை மேலோங்கி நிற்கும்போது மனிதன் பெரிய பெரிய வாக்குகளைக் கொடுப்பான். இனி வாழ்நாள் முழுவதும் இதுவே என்பான். அடி பட்ட மறுநாள், இனி வாழ்நாளில் தொடவே மாட்டேன் என்பான். இரண்டும் ஒரே காய்ச்சலில் பிறந்த சொற்கள். திருவொற்றியூர்க் கோயிலின் வரலாறாகச் சொல்லப்படும் சுந்தரர், சங்கிலியார் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு மனம் பறிகொடுத்தார். உன்னைப் பிரியேன் என்று இறைவன் முன் சத்தியம் செய்ய வேண்டிய நிலை வந்தபோது, அந்த நேரத்துக்கு மட்டும் கருவறையை விட்டு நீங்கி மகிழ மரத்தடியில் இருக்குமாறு இறைவனிடமே வேண்டிக்கொண்டார். இறைவனோ, மகிழடியிலேயே சத்தியம் கேள் என்று சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். சொன்ன சொல்லில் சிக்கிக்கொண்ட சுந்தரர், பின்னர் திருவாரூரின் வசந்த விழா நினைவு இழுக்க, ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய கணத்தில் இரு கண்களும் ஒளியிழந்தன. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும்தான் திரும்பக் கிடைத்தன.

சத்தியம் செய்கிற அந்த நொடியிலேயே அதிலிருந்து தப்பும் வழியையும் தேடிய மனத்தை இந்தக் கதை எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது! வேட்கை கொண்ட ஒவ்வொருவரிடமும் அந்த மனம் இருக்கிறது. ஆதலால் ஆயுளுக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்குக் கொடுங்கள், மாதக் கடைசியில் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். அந்த வாக்கை யாரிடம் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். உங்களோடு அதே வேட்கையில் இருக்கிற கூட்டாளி சாட்சியாக முடியாது. அவர் உங்களுக்குச் சாக்குத்தான் எடுத்துக் கொடுப்பார். அந்த வேட்கையையே வெறுக்கிறவரும் ஆகாது. அவரிடம் நீங்கள் உண்மை சொல்ல மாட்டீர்கள். உங்களை நேசிக்கிற, அந்த ஈடுபாட்டைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்கிற பொறுமையும் உள்ள ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

ஒரு மனிதரின் மேல் கொண்ட வேட்கை

புறாவுக்கும் பலகைக்கும் விருப்பு வெறுப்பு இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மனிதருக்கு உண்டு. அதனால் இங்கே மட்டும் எல்லையை நாம் வகுப்பதில்லை. எதிரில் இருப்பவர் வகுக்கிறார். நம் பழைய அகத்திணை இலக்கணம் இதில் வியக்கத்தக்க தெளிவோடு இருந்தது. ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, இருவர் மனமும் ஒத்த காதலாகிய அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. காதலி கிடைக்காத ஆடவன் பனைமட்டைக் குதிரையில் ஏறி ஊர் நடுவே வருவதாகிய மடலேற்றத்தில், "ஏறுவேன்" என்று சொல்வதை ஐந்திணைக்குள் அனுமதித்த மரபு, உண்மையிலேயே ஏறிவிடுவதைப் பெருந்திணையில் தள்ளியது. தவிப்பைச் சொல்லிவிடலாம், அதைக் கொண்டு ஒரு பெண்ணையும் அவள் வீட்டையும் ஊரார் முன் நெருக்குவது காதல் இல்லை என்று அந்தக் கோடு சொல்கிறது.

இன்றைக்கு மடல் ஏறுவது என்றால் அவள் வேலை செய்யும் கடை வாசலில் தினமும் நிற்பது, கையை அறுத்துப் படம் அனுப்புவது, செத்துவிடுவேன் என்று மிரட்டுவது. உங்களுக்கு இத்தகைய வேட்கை வந்திருந்தால், ஒரு முறை, நேரான சொற்களில், அவர் அச்சமின்றி மறுக்கக்கூடிய இடத்தில் சொல்லுங்கள். மறுத்தால், அது உங்கள் உறுதியைச் சோதிக்கும் தேர்வு என்று எந்த நண்பன் சொன்னாலும் நம்பாதீர்கள். அவருடைய எண்ணை அழித்துவிட்டு, சில மாதங்களுக்கு அந்தத் தெரு வழியே போவதை நிறுத்துங்கள். எதிர்பாராமல் ஒரு முறை கண்ணில் பட்டாலும் காத்திருக்கும் பழக்கம் மறுபடி உயிர் பெற்றுவிடும். நாட்கள் நீண்டதாக இருக்கும், உடம்பே நோகும். அந்த நாட்களில் தனியே இருக்காதீர்கள்.

கைமீறிப் போனால்

கடன் மறைவாக வளர்கிறது, தூக்கம் வாரக்கணக்கில் இல்லை, பிள்ளைகள் அஞ்சுகிறார்கள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால், பாட்டிலும் சாக்குக்கட்டியும் போதாது. பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மனாஸ்) எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். காலில் அடிபட்டால் கட்டுப்போட யாரும் வெட்கப்படுவதில்லை. அதே மனத்தோடு போங்கள். வரமாட்டேன் என்கிறவரை இழுத்துச் செல்ல முடியாவிட்டால், குடும்பத்தார் முதலில் தாங்கள் போய்ப் பேசுவதும் பயன் தரும்.

கைமாற்றிக் கொடுப்பது

மூட்டு தேயும், கண் மங்கும், மாடிப்படி ஏற முடியாத நாள் வரும். அந்த நாளுக்காக முன்கூட்டியே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதையும் நான் அப்பாவிடமே கற்றேன். கால் வலி தொடங்கிய உடனே அவர் தன் பறவைகளைப் பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட எண்ணினார். வளர்ந்த ஹோமரை யாருக்குக் கொடுத்தாலும், கூண்டைத் திறந்துவிட்ட அன்றே அது பழைய மாடிக்குத் திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பெரிய பறவைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவை ஈன்ற குஞ்சுகளை, இறக்கை முளைத்தும் இன்னும் வானத்தைப் பார்க்காத நான்கைந்து வார வயதில், அவனிடம் ஒவ்வொரு ஜோடியாகக் கொடுத்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் குஞ்சை வாங்கிப்போக வந்து, அப்பாவின் எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அதன் தாய், தகப்பன், பாட்டன் பெயர்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். கடைசி வருடத்தில் அப்பாவால் மாடி ஏற முடியவில்லை. நெல்லூர்ப் பந்தய நாட்களில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த தெரு மாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பறவை இறங்கியதும் அவன் அங்கிருந்து துண்டை ஆட்டுவான், அவர் உள்ளே வந்து சாப்பிட உட்காருவார்.